கொம்பும் அரவும்

யாழ்ப்பாணத்தில் கல்வி உளவியலாளராக வேலை செய்கிறேன். பிள்ளை என்னிடம் வருவதற்கு முன்பே அவனைப் பற்றிய தீர்ப்பு வந்துவிடும். “சரியான மொக்கு.” “கவனமே இல்லை.” “வாய் ஓயாமல் கதைப்பான், கொப்பியைத் திறந்தால் கல்லு மாதிரி இருப்பான்.”

இப்படிச் சொல்பவர்கள் அக்கறை இல்லாதவர்கள் அல்லர். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையை நினைத்து மூன்றாம் தரத்திலேயே நித்திரை இழந்த பெற்றார், ஒரு வகுப்புப் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு பாடத்திட்டத்தை முடிக்க ஓடும் ஆசிரியர்கள். அவர்களுக்கு ஒரு காரணம் வேண்டும். நான் தேடுவது வேறு: பிள்ளை எந்த இடத்தில் தடக்குப்படுகிறது?

முதலில் கண்ணையும் காதையும் பார்க்கச் சொல்லி கிளினிக்குக்கு அனுப்பிவிடுவேன். ‘சொல்வழி கேளாதவள்’ என்று பெயர் எடுத்த சிறுமி ஒருத்திக்கு இரண்டு காதிலும் சீழ். மருந்தும் முன் வாங்கில் ஓர் இடமும் கிடைத்த பிறகு அவளுக்கு நான் தேவைப்படவில்லை.

விரிவாகச் சொல்ல நினைப்பது இன்னொரு பிள்ளையைப் பற்றி. அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வலிகாமத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம், தரம் மூன்று, எட்டு வயது. கண்ணும் காதும் சரி. கதை சொல்லச் சொன்னால் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரு இழை அறாமல் சொல்வான். புத்தகத்தைக் கொடுத்தேன். ‘கொடி’ என்ற சொல்லில் விரலை வைத்தான். “கெ...” என்றான். விரல் நகர்ந்தது. “கா...” நின்றான். என் முகத்தைப் பார்த்தான். பிறகு பக்கத்தில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு “பூ” என்றான்.

வகுப்பில் அந்தப் ‘பூ’ மட்டுந்தான் மற்றவர்கள் காதில் விழும், சிரிப்பார்கள். ஆனால் அவன் செய்தது முழுக்க நியாயம். இடமிருந்து வலமாக வாசி என்று நாங்கள்தானே சொல்லிக்கொடுத்தோம்? முதலில் கொம்பு (ெ), பிறகு ககரம், கடைசியில் அரவு (ா). கொம்பும் ககரமும் சேர்ந்தால் ‘கெ’. ககரமும் அரவும் சேர்ந்தால் ‘கா’. வாயில் முதலில் வரும் ‘க்’ கண்ணுக்கு நடுவில் நிற்கிறது. ‘ஒ’ என்ற ஒரே உயிர் அதன் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது. அநேகமான பிள்ளைகள் இதைச் சில தரம் பார்த்ததும் பிடித்துக்கொள்வார்கள். சிலருக்கு நூறு தரம் வேண்டும். வாசிப்பில் இடர்ப்படும் பிள்ளைக்கு எழுத்துகள் தலைகீழாகத் தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் பிரச்சினை கண்ணில் இல்லை. ஒலியையும் எழுத்தையும் பிணைக்கும் முடிச்சுத்தான் இறுக மறுக்கிறது. ஆங்கிலம் படிக்கும் பிள்ளைக்கு 26 எழுத்து, ஆனால் உச்சரிப்பில் ஒழுங்கு குறைவு. எங்கள் பிள்ளைக்கு ஒழுங்கு இருக்கிறது, எழுத்தோ 247. அதனால் தடக்குப்படும் இடமும் வேறு.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. ‘வருகிறேன்’ என்று இருந்ததை அவன் ‘வாறன்’ என்று வாசித்தான். வகுப்பிலும் அப்படித்தான் வாசிப்பானாம், ரீச்சர் பிழை போட்டிருந்தார். எனக்கோ சந்தோஷம். எழுத்து தடுத்த இடத்தைப் பொருளைப் பிடித்துத் தாண்டி, அதைத் தன் வீட்டுப் பேச்சில் சொல்கிறான். வாசிப்பதற்கான ஆசை அவனுக்குள் அணையவில்லை என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

வெளிநாட்டுச் சோதனைப் பெட்டி எதுவும் இதைக் காட்டித் தராது. 1949 இல் அமெரிக்காவில் வெளிவந்த வெக்ஸ்லரின் சிறுவர் நுண்ணறிவுச் சோதனை பல பதிப்புகள் கண்டு இன்றும் உலகமெங்கும் பாவனையில் இருக்கிறது. அதில் 100 சராசரி. யாருடைய சராசரி என்பதுதான் கேள்வி. நானும் சோதனைகளைப் பாவிக்கிறேன், ஆனால் பிள்ளையின் பக்கத்தில் இருந்து அவன் வாசிப்பதைக் கேட்ட பிறகுதான்.

இதை நான் ஒரு பிழை விட்டுத்தான் படித்தேன். வேலைக்கு வந்த புதிதில் ஒரு சிறுமியின் அறிக்கையில் முதல் பக்கத்திலேயே நுண்ணறிவு ஈவை (IQ) எழுதிக் கொடுத்தேன். அடுத்த தவணைக்குள் அந்த எண் பள்ளிக்கூடத்துக்கும் தெரியும், சித்திமாருக்கும் தெரியும், ரியூசன் வாத்தியாருக்கும் தெரியும். அவளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று நான் எழுதிய நான்கு பக்கத்தை ஒருவரும் புரட்டவில்லை. அந்தப் பிள்ளையை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு பாரமாகத்தான் இருக்கிறது. அதன்பின் என் அறிக்கைகளின் முதல் பக்கத்தில், பிள்ளைக்கு என்ன வரும், எங்கே நிற்கிறது, திங்கட்கிழமை காலையில் வகுப்பில் என்ன செய்யலாம் என்பதுதான் இருக்கும்.

சரி, அந்தப் பையனுக்கு என்ன செய்தோம்? ரீச்சரும் நானும் இடைவேளையில் வேப்பமரத்தடியில் இருந்து கதைத்தோம். மட்டையில் எழுத்துகளை வெட்டினோம். கொம்பும் அரவும் ஒரே சிவப்பு, மெய்கள் எல்லாம் கறுப்பு. முதலில் வாயால் ‘க்’ என்று சொல்லிக் கறுப்பை வைப்பான், பிறகு ‘ஒ’ என்று சொல்லிக்கொண்டே இரண்டு கையாலும் இரண்டு சிவப்பையும் ஒன்றாக வைப்பான். ஒரு நாளைக்கு ஆறு சொல், அதற்கு மேல் இல்லை. வகுப்பில் திடீரென எழுப்பி வாசிக்கச் சொல்வது நின்றது. நாளைக்கு வாசிக்க வேண்டிய பந்தியை இன்றைக்கே கொடுத்துவிடுவார். வசனக் கணக்குகளை ரீச்சர் வாசித்துக் காட்டியபோது பத்தில் எட்டுச் சரி. அதுவரைக்கும் அவன் கணக்கிலும் பிந்தியவன் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

தாய்க்கு நான் சொன்னது முழுதாகத் திருப்தி இல்லை. “குளிசை ஏதும் இருக்கோ, மிஸ்?” என்று கேட்டார். இதற்கு அப்படி ஒன்றும் இல்லையம்மா என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மெதுவாக, “எனக்கும் உப்பிடித்தான் இருந்தது. 95 இடப்பெயர்வில பள்ளிக்கூடம் குழம்பினதாலதான் எண்டு எல்லாரும் சொல்லிச்சினம்” என்றார். 1995 இல் போர் நெருங்கி வலிகாமமே ஒரே இரவில் தென்மராட்சிக்கு நடந்தபோது அவருக்கும் எட்டு வயது. வாசிப்புச் சிரமம் குடும்பங்களுக்குள் வருவது உண்டு. இவருக்கு அதுவா, இடப்பெயர்வா, இரண்டுமா என்று இத்தனை வருடம் கழித்துப் பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் முப்பது வருடமாக அவர் தன்னை மொக்கு என்றே நம்பியிருக்கிறார். மகனுக்குச் சொன்ன விளக்கத்தை அவருக்காக இன்னொரு முறை, ஆறுதலாகச் சொன்னேன்.

போன கிழமை அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ‘கொக்கு’, ‘தோணி’, ‘சோறு’ எல்லாம் இப்போது வருகிறது. ‘கௌ’ இன்னும் வரவில்லை. போகட்டும், அது எத்தனை சொல்லில் வரப்போகிறது. ரீச்சர் என்னை வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்தார். “‘வாறன்’ எண்டு வாசிச்சா இப்ப நான் சரிதான் போடுறன், மிஸ். ஆனா சோதினையில என்ன செய்யிறது?”

மேலதிக நேரம் போன்ற சலுகைகளுக்கு, உரிய சான்றுகளோடு பரீட்சைத் திணைக்களத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம் என்று சொன்னேன். அவர் கேட்டது அது இல்லை என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். இரண்டாந் தவணை தொடங்கியதும் திரும்ப வருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன். பின் வாங்கில் இன்னொரு பிள்ளை இருக்கிறாளாம், அவளையும் பார்க்க வேண்டும்.