ஓதம் காத்த சுவரும் சொட்டு நீலமும்

தீபாவளி முடிந்து பத்து நாள் இருக்கும். பின்பக்கம் விழுந்த கம்மலைத் தேட பீரோவை நகர்த்தினால், சுவரில் சீலிங்கிலிருந்து இடுப்பு உயரம் வரை கறுப்புப் புள்ளிகள். தொட்டதும் விரலில் மை மாதிரி ஒட்டியது. பீரோவுக்குள் இருந்த என் கல்யாணப் புடவையின் மடிப்பிலும் வெள்ளையாகப் பூத்திருந்தது. மகளுக்கு இரண்டு மாதமாக ராத்திரி இருமல், டாக்டர் "வீட்டுல ஓதம் இருக்கா?" என்று கேட்டபோது இல்லை என்று சொல்லியிருந்தேன், அதுதான் இன்னும் மனதை அறுக்கிறது.

வீட்டு ஓனரிடம் சொன்னோம். "மழைக்காலம்னா சென்னையில அப்படித்தாம்மா, ஜன்னலைத் திறந்து வைங்க" என்றார். அப்புறம் பெயிண்டரை அனுப்பினார், அவர் சுரண்டி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துவிட்டுப் போனார். மூன்றே வாரத்தில் பெயிண்ட் கொப்பளித்து அதே இடத்தில் மறுபடி கறுப்பு. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் பெயிண்ட் அடிப்பது வீண் செலவு, தயவுசெய்து அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு பிளம்பர் சொல்லிக்கொடுத்தபடி, சுவரில் பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விட்டேன். தாளின் வெளிப்பக்கம் வியர்த்தால் அறைக் காற்றின் ஈரம், உட்பக்கம் வியர்த்தால் சுவருக்குள்ளிருந்து வரும் ஈரம். எங்களுக்கு உட்பக்கம் முத்து முத்தாக நின்றது. சுவருக்கு அந்தப்பக்கம் எங்கள் பாத்ரூம், அதற்கு நேர் மேலே மேல்வீட்டு பாத்ரூம். மேல்வீட்டு அக்காவிடம் கேட்டு, அவர்கள் தரை ஓட்டையைத் துணியால் அடைத்து, தண்ணீர் கட்டி, சொட்டு நீலம் கலந்துவிட்டோம். மறுநாள் சாயங்காலம் எங்கள் பாத்ரூம் சீலிங்கில், குழாய் இறங்கும் இடத்தைச் சுற்றி வெளிர் நீலத்தில் ஒரு வளையம். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு ஓனர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

செலவு யாருடையது என்பதில்தான் எங்கள் ஓனருக்கும் மேல்வீட்டு ஓனருக்கும் இழுபறி. தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் (2017-இல் இயற்றி 2019-இல் அமலுக்கு வந்தது) கட்டடப் பழுதையும் வெள்ளையடிப்பதையும் குழாய் மாற்றுவதையும் உரிமையாளர் பொறுப்பில் வைத்திருக்கிறது, வாடகைக்கு இருப்பவர்கள் பொதுவாகப் பார்க்கவேண்டியது டேப் வாஷர், சுவிட்ச் போன்றவை. இதைத் தேதி போட்ட படங்களோடு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், பேச்சில் விட்டிருந்தால் இன்னும் இழுத்திருக்கும். கடைசியில் நஹானி டிராப்பை (பாத்ரூம் தரை ஓட்டைக்கு அடியில் இருக்கும் வடிகால் பகுதி) மேல்வீட்டு ஓனரும், சுவரை எங்கள் ஓனரும் பார்த்துக்கொண்டார்கள்.

சுத்தம் செய்யும்போது காய்ந்த பூஞ்சையை அப்படியே துடைப்பத்தால் தட்டாதீர்கள், பொடி வீடெல்லாம் பறக்கும். சோப்புத் தண்ணீர் தெளித்து நனைத்து, மாஸ்க் போட்டுக்கொண்டு, அந்த அறைக்கதவைச் சாத்திவிட்டுச் சுரண்டினோம். ப்ளீச்சிங் பவுடரோடு ஆசிட்டையோ வினிகரையோ மட்டும் சேர்த்துவிடாதீர்கள், கிளம்புவது குளோரின் வாயு. பட்டி ஊறிப்போன இடத்தைச் செங்கல் தெரியுமளவுக்குக் கொத்தி எடுத்தாயிற்று. டேபிள் ஃபேனைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்து தை முழுக்கக் காயவிட்டோம். பெயிண்டர் அவசரப்பட்டார், பிளாஸ்டிக் தாளை மறுபடி ஒட்டி, வியர்க்காத பிறகுதான் மாசியில் பிரஷ்ஷைத் தொடவிட்டேன்.

பீரோ இப்போது சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளி நிற்கிறது. சித்திரையில் அக்ரிமென்ட் புதுப்பித்தபோது, நீர்க்கசிவைச் சரிசெய்வது உரிமையாளர் பொறுப்பு என்று ஒரு வரி எழுதச் சொன்னேன், எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.