விளக்கெரியும் பூசணிப்பூத் தோரணம்

மார்கழிச் சோடனைக்கு ஒரு குறோசேத் (கொக்கி ஊசிப் பின்னல்) தோரணம் பின்னலாமென்று இணையத்தில் தேடினால், பனித்துகளும் பைன் மரமும் கம்பளிக் கையுறையுமே திரும்பத் திரும்ப வருகின்றன. யாழ்ப்பாணத்துக் குளிர்காலமோ வடகீழ்ப் பருவமழையும், ஈரம் காயாத முற்றமும், சாணியில் பிடித்து வைத்த பிள்ளையாரின் தலையில் செருகிய பூசணிப்பூவுமாகத்தான் இருக்கிறது. ஆகையால் எங்கள் விறாந்தைக்கு நான் பூசணிப்பூவையே எடுத்துக்கொண்டேன். ஊர் வழக்கம் மட்டும் அதற்குக் காரணமன்று. ஐந்து இதழும் மணி போன்ற குழிவும் கொண்ட அந்தப் பூவுக்குள் ஒரு சிறு மின்குமிழ் கச்சிதமாக அடங்கிவிடும். தட்டையான பனித்துகளில் குமிழ் பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்குமேயன்றி, துகளே ஒளிர்வதாகத் தோன்றாது.

விளக்குத் தோரணத்தில் நூல்தான் விளக்கின் மூடி. கதிரைக்கும் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் றேந்தை பின்னிப் பழகியவர்கள் இழையை இறுக்கி இழுத்துவிடுவார்கள். இங்கே அந்தக் கைப்பழக்கத்தைச் சற்றுத் தளர்த்த வேண்டும். கண்ணிகள் நெருங்கிவிட்டால் ஒளி பூவின் வாயால் மட்டுமே வெளிவரும். நூலின் தடிப்புக்கு வழக்கமாக எடுப்பதைவிடச் சற்றுப் பெரிய ஊசி எடுத்தால் இழைகளுக்கிடையே போதிய இடைவெளி கிடைக்கும். மஞ்சள் நூலுக்கு இளமஞ்சள் ஒளி தரும் குமிழே பொருத்தமானது, நீலம் கலந்த வெள்ளை ஒளியில் அதே மஞ்சள் வெளிறிப் பச்சை தட்டித் தெரியும்.

பூவைக் காம்புப் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். ஐந்து சங்கிலி போட்டு வளையமாக இணைக்கும்போது நடுவில் மிஞ்சும் ஓட்டைதான் பின்னர் குமிழ் நுழையும் வழி என்பதால், அதை இழுத்து மூடக் கூடாது. வளையத்துக்குள் பத்துக் குட்டைத் தையல் (ஊசியில் நூலைச் சுற்றாமல் போடுவது) போட்டபின், அடுத்த மூன்று சுற்றிலும் எண்ணிக்கையைக் கூட்டாமல் பத்துப் பத்தாகவே பின்ன வேண்டும். கூட்டிக்கொண்டே போனால் பின்னல் தட்டையாக விரியும், கூட்டாமல் விட்டால் சுவர்போல் எழும்பும். மணியின் உடல் இப்படித்தான் உருவாகிறது. பிறகு ஒவ்வொரு இரண்டாவது கண்ணியிலும் இரண்டு தையல் போட்டால் பத்து, பதினைந்தாகும். கடைசிச் சுற்றில் மும்மூன்று கண்ணிக்கு ஓர் இதழ்: முதற் கண்ணியில் ஒரு குட்டைத் தையல், நடுக் கண்ணியில் இரண்டு நெட்டைத் தையலும் (ஊசியில் நூலை ஒருமுறை சுற்றிப் போடுவது) அவற்றுக்கிடையே கூர்முனைக்காக இரு சங்கிலியும், மூன்றாவதில் மீண்டும் ஒரு குட்டைத் தையல். ஐந்து இதழும் தாமாகவே வெளிப்புறம் சற்று மடிந்து நிற்கும்.

பூக்களைத் தாங்கும் நாடாவை வயரின் மேலேயே பின்னி வயரை மறைத்துவிடலாம் என்று சிலர் சொல்வதுண்டு. பார்வைக்கு அது அழகுதான், ஆனால் ஒரு குமிழ் பழுதானால் முழுப் பின்னலையும் பிரிக்க வேண்டிவரும். பச்சை நூலில் நெட்டைத் தையலால் ஒரு நாடா பின்னி, அதன் இடைவெளிகளில் வயரைக் கோத்தெடுப்பதே எனக்குப் பிடித்த முறை. குமிழ்களுக்கிடையே 10 சென்ரிமீற்றர் தூரமுள்ள வயரில் ஒன்று விட்டு ஒன்றுக்குப் பூ வைத்தால் நெரிசல் இராது. பூவில்லாத குமிழ்கள் நாடாவின் பச்சை இழைகளுக்கிடையே சும்மா மினுங்கட்டும்.

கனடாவிலிருக்கும் சித்தியின் மகள் பனித்துகளே வேண்டுமென்று கேட்டதால் அவளுக்கும் சில பின்னினேன். பனிக்கட்டியில் நீர் மூலக்கூறுகள் அறுகோணமாக அடுக்கப்படுவதால் பனித்துகளுக்குப் பொதுவாக ஆறு கைதான் இருக்கும். கடைச் சோடனைகளில் எட்டுக் கையோடு தொங்குபவை யாருடைய வானத்திலிருந்து விழுந்தனவோ தெரியவில்லை. அந்தக் கைகள் துவளாமல் நிற்கப் பசை வேண்டும். சீனிப்பாகில் தோய்ப்பது மேலைநாட்டுப் பழைய முறை, நம் வீட்டில் அதைச் செய்தால் எறும்புகளுக்கு விருந்தாகும். அரிசிக் கஞ்சியும் மார்கழி ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். பூசணிப்பூவுக்கு இந்தத் தொல்லை எதுவுமில்லை.

மின்சார விடயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. சுவர்ச் செருகியில் நேரே மாட்டும் 230 வோல்ற் மாலைகளை, மழைச்சாரல் அடிக்கும் விறாந்தையில் நூலோடு பிணைப்பது ஆபத்து. பழைய மின்னிழைக் குமிழ்கள் சூடேறும். அக்ரிலிக் நூல் சூட்டில் உருகக்கூடியது. மூன்று பற்றரியில் 4.5 வோல்ற்றிலோ, யூ.எஸ்.பி. வழியே 5 வோல்ற்றிலோ எரியும் எல்.ஈ.டி. வயரே போதும். காசுபோல் தட்டையான வில்லைப் பற்றரியில் எரிபவை மலிவானாலும், குழந்தைகள் விழுங்கினால் அது உணவுக்குழாயையே அரித்துவிடும் என்பதால் அவற்றை வாங்குவதில்லை. மின்வெட்டு நேரத்தில் பவர் பாங்கில் மாட்டலாமென்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்த வயர் இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவாதலால், பல பவர் பாங்குகள் எதுவும் மாட்டப்படவில்லை என்று எடுத்துக்கொண்டு சிறிது நேரத்தில் தாமாகவே நின்றுவிடும்.

நத்தாருக்கும் பொங்கலுக்கும் ஒரே தோரணம் போதும். தை பிறந்து கழற்றும்போது வயரை உருவியெடுத்துவிட்டு, பின்னலை இளஞ்சூட்டு நீரில் அலசி நிழலில் விரித்துக் காயவிட வேண்டும். பற்றரிகளைப் பெட்டிக்குள்ளேயே விட்டுவைத்தால் அவை கசிந்து தகடுகளை அரித்துவிடும்.