மண்ணை எங்க கொட்டினவங்கள்?

2014 இல் எங்கள் கப்பல் ஹோ சி மின் நகரத்தின் கட் லாய் துறைமுகத்தில் நின்றபோது எனக்கு ஒரு பகல் லீவு கிடைத்தது. மற்றப் பெடியள் கடைத்தெருவுக்குப் போக, நானும் எங்கட பிலிப்பைன்ஸ் குக்கும் வியட்நாம் கெரில்லாக்கள் சண்டைக் காலத்தில் வெட்டி ஒளிந்திருந்த கூ சி சுரங்கம் பார்க்க வான் ஏறினோம். திருகோணமலை உப்புவெளியில் இருந்து அப்பா போனில், "காசு குடுத்துப் பங்கருக்குள்ள போறியா?" என்று கேட்டார். கேட்கத்தானே செய்வார்.

1990 இல் எங்கள் வளவில் அப்பா ஒரு பங்கர் வெட்டினார். எனக்கு அப்போது ஒன்பது வயது. கடற்கரை மணல், ஒரு கடகம் அள்ளினால் இரண்டு கடகம் உள்ளே சரியும். தென்னங்குத்தி அடுக்கி, உரப்பைகளில் மணல் நிரப்பி இரண்டு கரையும் கட்டினார். மேலே தகரம், தகரத்துக்கு மேல் திரும்பவும் மணல். ஐந்தடிக்குக் கீழே தண்ணி ஊறும், அதனால் ஆழமும் இல்லை. அம்மம்மா ஒருநாளும் அதற்குள் இறங்கவில்லை. "யப்பான்காரன் போட்டதுக்கே நான் சாகேல்ல, போங்கோடா" என்று விறாந்தையில் இருந்துவிடுவா. அவ சொல்வது 1942 ஏப்ரல் 9. சீனக்குடாவில் எண்ணெய்க் குதம் எரிந்த புகையைக் கண்ணால் கண்டவ. மாரி பிறந்ததும் எங்கள் பங்கர் தவளைக்குச் சொந்தமாகிவிட்டது.

கூ சியில் மண் வேறு. இறுக்கமான களி. மழைக்காலத்தில் இளகி இருக்கும்போது வெட்டிவிட்டால் பிறகு காய்ந்து செங்கல் மாதிரி ஆகிவிடுமாம். பிரெஞ்சுக்காரரோடு சண்டை நடந்த 1940களின் கடைசியில் தொடங்கியது, அமெரிக்கர் வந்த 1960களில் 200 கிலோமீற்றருக்கு மேல் நீண்டுவிட்டது. மூன்று தட்டு. வெட்டின ஆயுதம் சிறிய மண்வெட்டியும் மூங்கில் கூடையும்தான். உள்ளேயே கிணறு, ஆஸ்பத்திரி, கூட்டம் வைக்கிற அறை. முள்ளுப் பொறிகளைக் காட்டத்தான் கைட்டுக்கு ஆசை. எனக்கு அதில் மனம் போகவில்லை.

குக் அசையாமல் நின்றது அடுப்படியில். ஹோவாங் காம் அடுப்பு என்று பெயர்; அதைக் கண்டுபிடித்த சமையல்காரரின் பெயராம். அடுப்பில் இருந்து புகை நேரே மேலே போகாது. நிலத்துக்குள் வெட்டிய வாய்க்கால் வழியாக, அறை அறையாகத் தங்கி, சூடு ஆறி, தூரத்தில் மெல்லிசாகக் கசியும். விடியமுதல் சமைத்தால் அந்தப் புகையும் பனியோடு கலந்துவிடும். மேலே பறக்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. குக் குந்தியிருந்து அந்த வாய்க்காலைக் கையால் தடவித் தடவிப் பார்த்தான். எங்கள் கப்பலில் எக்ஸ்ஹோஸ்ட் ஃபான் பழுதாகி அப்போது மூன்று கிழமை.

மூச்சுத் துளைகளைக் கறையான் புற்று மாதிரிச் செய்து மறைத்திருக்கிறார்கள். மோப்ப நாய் வந்தால் குழம்பட்டும் என்று அங்கே மிளகுத் தூள், அமெரிக்கச் சவர்க்காரம். நாய்க்குத் தன் எசமானின் வாசம் அடிக்குமே! பகல் முழுக்க இருட்டில் கிடந்து, இரவில் ஏறி வந்து பயிர் பார்த்து, சாப்பாடு தேடி, திரும்ப இறங்கியிருக்கிறார்கள். எறும்பு, பூரான், தேள். அடிபட்டுச் செத்தவர்களுக்கு அடுத்தபடி மலேரியாவில் செத்தவர்கள்தான் அதிகமாம். அமெரிக்கரும் ஒல்லியான, கட்டையான ஆட்களாகப் பொறுக்கி, ஒரு கையில் டோர்ச், மற்றக் கையில் பிஸ்டலோடு உள்ளே இறக்கினார்கள். அந்தப் பெடியளுக்கும் யாரோ ஒரு அம்மம்மா வீட்டில் இருந்திருப்பா.

பார்க்க வருகிறவர்களுக்காகச் சுரங்கத்தை அகலப்படுத்தியிருக்கிறார்கள். அப்படியும் முழங்காலும் கையுமாகத்தான் போக வேண்டும். பாதி வழியில் எனக்கு மேலே வெடிச்சத்தம். ஒன்று, பிறகு ஏழெட்டுத் தொடர்ந்து. முகத்தை மண்ணில் அழுத்தி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு படுத்துவிட்டேன். வாய் தானாகத் திறந்தது. ஷெல் சத்தம் கேட்டால் வாயைத் திறந்து வைக்கச் சொல்லித் தந்தவர் அப்பா. பின்னால் வந்த வெள்ளைக்காரப் பெட்டை எனக்கு மூச்சு முட்டிவிட்டது என்று நினைத்துத் தண்ணிப் போத்தலை நீட்டினாள். அங்கே சுற்றுலாப் பயணிகளுக்கு ஏகே சுட ஒரு இடம் வைத்திருக்கிறார்கள், ஒரு ரவைக்கு இவ்வளவு என்று காசு. இதை முதலே சொல்லியிருக்கலாம்.

வெளியே வந்ததும் அவித்த மரவள்ளிக் கிழங்கும், தொட்டுக்கொள்ள இடித்த கச்சானும் தந்தார்கள். பொறுத்த பசிக்கு அவர்கள் தின்றது அதைத்தானாம். எனக்குச் சம்பல் இல்லாத குறை ஒன்றுதான். குக்கின் பங்கையும் நானே தின்றேன்.

இரவு அப்பாவுக்கு எல்லாம் சொன்னேன். தட்டு, கிணறு, அடுப்பு, நாய். அவர் கேட்டது ஒன்றே ஒன்று:

"அவ்வளவு மண்ணையும் எங்க கொட்டினவங்கள், தம்பி?"

குண்டு விழுந்த பள்ளங்களில், ஆற்றில், உழுத வயலில் என்று கைட் சொன்னதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அதுதான் பெரிய வேலை. வெட்டுறதை ஆரும் வெட்டலாம்."

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. எங்கள் பங்கருக்கு மேலே அப்பா வத்தாளங்கொடி நட்டிருந்தார். கிழங்குக்காக என்று இருபத்து நாலு வருசமாக நினைத்திருந்தேன். மேட்டை ரோட்டால் போகிறவன் கண்ணில் படாமல் மறைக்க நட்டது அது.

போன வருசம் வீட்டைத் திருத்தும்போது கக்கூஸ் குழிக்கு எங்கே வெட்டுவது என்று மேசன் கேட்டார். அப்பா பொல்லை ஊன்றிக்கொண்டு வளவின் மூலைக்குப் போய் ஒரு இடத்தில் தட்டிக் காட்டினார்.

"இதில வெட்டுங்கோ. ஒருக்கா வெட்டின மண், லேசா வரும்."