முள்ளெலிப் பெட்டிக்கு ஆள் வந்துவிட்டது

இங்கிலாந்தின் சர்ரேயில் எங்கள் தோட்டத்து மூலையில் வைத்த பெட்டியில் இந்தக் குளிர்காலத்தில் முள்ளெலி ஒன்று குடியேறிவிட்டது. வாயிலின் குறுக்கே நான் நிறுத்திவைக்கும் வைக்கோல் தண்டு நவம்பர் முழுதும் காலைதோறும் சாய்ந்து கிடந்தது. இப்போது பல வாரங்களாக அசையவே இல்லை. குனிந்து விளக்கடித்தால், உள்ளிருந்து இலைகளைத் திணித்து வழியை அடைத்திருப்பது தெரிகிறது. மூடியைத் திறக்கக் கை துறுதுறுக்கிறது. ஆனால் குளிர்கால உறக்கத்திலிருந்து எழுப்பிவிட்டால், மார்ச் வரை தாங்க வேண்டிய கொழுப்பை அது வீணே செலவழித்துவிடும்.

13 செ.மீ. சதுர வாயில், பூனையையும் நரியையும் தடுக்கும் உட்சுவர் ஆகியவற்றைப் பற்றி எழுதப் புதிதாக ஒன்றுமில்லை. என்னைப் படாதபாடு படுத்தியது ஈரம்தான். பெட்டியைச் செங்கல் மேல் ஏற்றி, தரைப்பலகையில் துளையிட்டு, பின்சுவரில் காற்றுக்குழாய் பொருத்திய பிறகே பலகையின் உட்புறம் வியர்ப்பது நின்றது. கடையில் வாங்கிய முதல் பெட்டியில் இவை எதுவும் இல்லை. பூனை தாராளமாகப் போய்வரும் அளவுக்கு அகலமான வாயில் மட்டும் இருந்தது.

அடுத்தது இலை. ஓக், பீச், ஹேசல் போன்ற மரங்களின் அகன்ற இலைகள் எளிதில் மட்குவதில்லை என்பதால் அவற்றையே உலர்த்திச் சேர்த்தேன். பெட்டிக்குள் ஒரு கைப்பிடி மட்டும் போட்டு, மீதியை அருகில் குவித்துவைத்தேன். முள்ளெலி அவற்றை வாயால் கவ்விக் கொண்டுபோய்க் குவித்து, நடுவில் புகுந்து சுற்றிச் சுற்றிப் புரள்வதால், இலைகள் ஏடுகளைப் போல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, சில கூடுகளில் 20 செ.மீ. வரை தடித்த சுவராகிவிடுகின்றன. நாம் முழுவதும் அடைத்துவைத்தால் இந்த அடுக்கு அமையாது. முள்ளெலிக்கு வேண்டியது கதகதப்பும் அன்று. ஏறக்குறைய 4 டிகிரியில் நிலைத்த குளிரே அதற்கு உகந்தது என்பதால், வெயில் படாத புதர்நிழலில்தான் பெட்டி இருக்க வேண்டும்.

படுக்கைக்கான வைக்கோலைச் செல்லப்பிராணிக் கடையில் வாங்குவது வீண்செலவு. குதிரைலாயத்தில் அந்த விலைக்கு முழுக்கட்டே கிடைக்கும். முள்ளெலிக்கு வைத்துவந்த பூனை உணவை இப்போது நிறுத்திவிட்டேன். இடையில் விழித்து வரக்கூடும் என்பதால் தண்ணீர்த்தட்டு மட்டும் இருக்கிறது.

அடுத்த வேலை வேலியில் வழி விடுவது. ஓரிரவில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் நடக்கும் பிராணிக்கு எங்கள் ஒரு தோட்டம் போதாது. பக்கத்து வீட்டார் சம்மதித்துவிட்டார்கள். வேலிக்கடியில் ஓடும் கான்கிரீட் பலகைதான் தடை. வாடகைக்குத் துளைக்கருவி எடுப்பதைவிட, பலகைக்குக் கீழே மண்ணைத் தோண்டிவிடுவது சுலபமென்று தோன்றுகிறது. உறைபனி விட்டதும் மண்வெட்டியை எடுக்கலாம் என்றிருக்கிறேன்.