டேங்கர் ஓட்டுநர் தேர்வுக்குப் போகிறவர்கள் "முடியாது" என்று சொல்லப் பழகுங்கள்

போன வாரம் முடிவு வந்துவிட்டது. சமையல் எரிவாயு டேங்கர் ஓட்ட என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். இப்போது மூத்த ஓட்டுநர் ஒருவரோடு பயிற்சி ஓட்டத்தில் இருக்கிறேன். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்து நண்பர்கள் பலர் தொடர்ந்து கேட்பதால் எழுதுகிறேன். எல்எல்ஆர் எங்கே போடுவது, ஹெவி லைசென்ஸுக்கு என்னென்ன தாள் வேண்டும் என்பதெல்லாம் இதில் இருக்காது. அது தெரியாதவர் இந்தத் தேர்வுப் பக்கமே வந்திருக்க மாட்டார்.

நேர்காணலில் வந்த ஒரு கேள்வியை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

"மங்களூரில் பகல் முழுவதும் வரிசையில் நிற்கிறீர்கள். மாலை 6 மணிக்கு லோடு ஏறி முடிகிறது. மறுநாள் காலை 7 மணிக்கு ஈரோட்டுப் பக்கம் பாட்லிங் பிளான்ட் (சிலிண்டரில் வாயு நிரப்பும் ஆலை) வாசலில் வண்டி நிற்க வேண்டும். நிற்குமா?"

கேட்பவர் சிரித்த முகத்தோடு, மிகச் சாதாரணமாகக் கேட்பார். நம் தொழிலில் வளர்ந்தவன் வாயில் தானாக வரும் பதில் "நிறுத்திவிடலாம் ஐயா" என்பதுதான். நான் ஒரு தாள் கேட்டு வாங்கிக் கணக்குப் போட்டேன். மைசூர், சாம்ராஜ்நகர் வழியாக இறங்கினால் திம்பம் மலைப்பாதை. அங்கே சரக்கு வண்டிகளுக்கு மாலை 6 முதல் காலை 6 வரை தடை. ஆகவே அந்த வழி கிடையாது. சிராடி மலைப்பாதை ஏறி, பெங்களூரைச் சுற்றி, கிருஷ்ணகிரி, தர்மபுரி, தொப்பூர், சேலம் என்று வந்தால் ஏறக்குறைய 600 கிலோமீட்டர். லோடு டேங்கருக்குச் சராசரி மணிக்கு 40 என்று வைத்தாலும் 15 மணி நேரம் ஆகும். அவர் கொடுத்ததோ 13 மணி நேரம். அதிலும் பகலெல்லாம் தூங்காத மனிதன். "முடியாது ஐயா. ஏற்றிய இடத்திலேயே படுத்துவிட்டு விடியற்காலையில் கிளம்புவேன். வண்டி மறுநாள் இரவுதான் வரும்" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் எதையோ குறித்துக்கொண்டார்.

என்னோடு வந்திருந்த சங்ககிரிக்காரர் என்னைவிடக் கைத்திறன் உள்ளவர். டிரைலரை ரிவர்ஸில் ஊசியில் நூல் கோப்பதுபோல் நுழைப்பார். அவர் சொன்ன பதில், "காலை 5 மணிக்கே நிறுத்துகிறேன் ஐயா." பட்டியலில் அவர் பெயர் வரவில்லை. அந்த ஒரு பதில்தான் காரணமா என்று கேட்டால் யாரும் எழுதிக் கொடுக்கப் போவதில்லை. நான் அப்படித்தான் நம்புகிறேன்.

இதை இவ்வளவு அழுத்துவதற்குக் காரணம் என் பழைய அனுபவம். முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் ஆள் எடுத்த முறை வேறு. ஷெட்டுக்குள் ஒரு சுற்று ஓட்டச் சொன்னார்கள். "கை நன்றாக இருக்கிறது, ராத்திரியே கிளம்பு" என்று சாவியைக் கொடுத்தார்கள். லைசென்ஸ் அசலா போலியா என்றுகூடப் பார்க்கவில்லை. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வகுத்தது. தொடர்ந்து 5 மணி நேரம் ஓட்டினால் அரை மணி நேரமாவது ஓய்வு என்றும் அதில் இருந்தது. அங்கே ஓய்வு என்றால் டீசல் போடும் நேரம். தூக்கம் வருகிறது என்று சொன்னவனுக்கு அடுத்த நடை கிடைக்காது. இப்போது சேர்ந்த இடத்தில் இரவு 11 முதல் காலை 5 வரை வண்டி உருளக் கூடாது. மீறினால் ஜிபிஎஸ் காட்டிக்கொடுத்துவிடும். பழைய முதலாளிகளும் இதைப் படிக்க வேண்டும் என்று ஆசை. படிக்க மாட்டார்கள்.

இனி யார்டு தேர்வு. அதில் பயப்பட ஒன்றுமில்லை. பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் ஓட்டிக் காட்டியவருக்கு ரிவர்ஸும் பார்க்கிங்கும் புதிதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். சந்தேகம் வந்தால் நிறுத்தி, இறங்கி, பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஏறுங்கள். மதிப்பெண் குறையாது. ஜன்னலில் தலையை நீட்டி வித்தை காட்டினால்தான் குறையும்.

சாவியைக் கையில் கொடுத்த நிமிடமே தேர்வு தொடங்கிவிடுகிறது. நேராகக் கேபினில் ஏறாதீர்கள். வண்டியைச் சுற்றி வாருங்கள். பார்ப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். மனதுக்குள் பார்த்தது அவருக்குத் தெரியாது. நான் சொன்ன வரிசை:

– கீழே எண்ணெய், தண்ணீர் ஒழுகல்
– டயர்: வெட்டு, வீக்கம், இரட்டைச் சக்கரத்துக்கு நடுவே சிக்கிய கல்
– வீல் நட்டுகளைச் சுற்றித் துருப்பிடித்த கோடு (நட்டு தளர்ந்ததற்கு அடையாளம்)
– ஸ்பிரிங் பட்டைகளில் விரிசல்
– ஏர் டேங்கில் தேங்கிய தண்ணீரைத் திறந்துவிடுதல்
– பின் விளக்கு, பிரதிபலிப்புப் பட்டை
– டேங்கர் என்பதால் வால்வு மூடி, தீயணைப்பான், ஸ்பார்க் அரெஸ்டர் (புகைக்குழாயில் தீப்பொறியைத் தடுப்பது), எர்த் ஒயர்
– பக்கவாட்டு எச்சரிக்கைப் பலகை: சமையல் எரிவாயுவைக் குறிக்கும் ஐ.நா. எண் 1075 அழியாமல் இருக்கிறதா
– ஏறி உட்கார்ந்ததும் சீட் பெல்ட், பிறகு பிரேக்குக்கான காற்றழுத்த முள்

அந்த முள் முழுவதும் ஏறும்வரை நகராதீர்கள். ஒருவர் அலாரம் அடிக்கும்போதே கியர் போட்டார். பார்க்கிங் பிரேக் விடவில்லை, வண்டி அதிர்ந்து நின்றது. அவருடைய சாலைத் தேர்வு அங்கேயே முடிந்துபோனது.

சாலைத் தேர்வில் பலர் விழுவதற்கு ஒரே காரணம், லோடு வண்டி ஓட்டிப் பழகாததுதான். பயிற்சிப் பள்ளி லாரி காலியாகவே ஓடும், பகலில் ஓடும், நேரான சாலையில் ஓடும். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி கனரக வாகனத்துக்கு 30 நாள் பயிற்சி, அதில் 15 மணி நேரமாவது நேரடியாக ஓட்ட வேண்டும். அந்த 15 மணி நேரமும் எத்தனை பேருக்கு முழுதாகக் கிடைக்கிறது? அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்கு 2021இல் வந்த விதியில் 6 வாரத்தில் 38 மணி நேரம், சிமுலேட்டரோடு. வசதி இருந்தால் அதற்குப் போங்கள். நாமக்கல்லிலேயே அசோக் லேலண்ட் பயிற்சி மையம் இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் பயிற்சி இருக்கிறது. எங்கே படித்தாலும், தேர்வுக்கு முன் தெரிந்த அண்ணன் யாராவது ஒருவரின் லோடு வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மலைப்பாதை இறங்கிப் பாருங்கள். அவர் எப்போது கியரைக் குறைக்கிறார் என்று பாருங்கள்.

தேர்வாளர் இறக்கத்தில்தான் உங்களை எடைபோடுவார். தொப்பூர் கணவாயில் சேலம் நோக்கி இறங்கும் பக்கம் எத்தனை வண்டி நொறுங்கியிருக்கிறது என்று தர்மபுரிக்காரர்கள் சொல்வார்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது, பிறகு பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குவது, டிரம் சூடாகிப் பிடிமானம் போவது, கடைசியில் "பிரேக் பிடிக்கவில்லை" என்று வாக்குமூலம். பல நேரம் பிரேக்கில் பழுதே இருக்காது. அதைக் கொதிக்க வைத்ததுதான் பழுது. இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறையுங்கள். எக்ஸாஸ்ட் பிரேக்கை (புகைக்குழாயை அடைத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைப்பது) போடுங்கள். பிரேக்கை இடைவெளி விட்டு விட்டு, அழுத்தமாக, குறைந்த நேரம் மிதியுங்கள். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். என் சுபாவமே மெதுவானது, அதனால் எனக்கு இது எளிதாக வந்தது. வேகக்காரர்கள் கொஞ்சம் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கும். 80 கிலோமீட்டருக்கு மேல் போகாமல் வேகக்கட்டுப்பாட்டுக் கருவி பார்த்துக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள். வளைவில் 80 என்பதே கவிழும் வேகம். அதிலும் டேங்கருக்குள் திரவம் முழுதாக நிரப்பப்படுவதில்லை. ஆவிக்கு இடம் விட்டிருப்பார்கள். நீங்கள் திரும்பிய பிறகு உள்ளே இருப்பது திரும்பும். பாதி இறக்கிய டேங்கர் முழு டேங்கரைவிட மோசம்.

முன்வண்டிக்கும் உங்களுக்கும் உள்ள இடைவெளியைக் கேட்டால் மீட்டரில் சொல்லாதீர்கள். முன்வண்டி ஒரு புளியமரத்தைத் தாண்டியதும் எண்ணத் தொடங்கி, நீங்கள் அந்த மரத்துக்கு வரும்போது ஐந்து ஆகியிருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். மழையில் இன்னும் அதிகம்.

வாய்மொழித் தேர்வில் விபத்துகளைப் பற்றித்தான் கேள்வி. கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் 2025 ஜனவரி 3 அன்று டேங்கர் கழன்று கவிழ்ந்து வாயு கசிந்ததே, அந்த ஓட்டுநர் இடத்தில் நீங்கள் இருந்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். 2012இல் கண்ணூர் சாலாவில் நடந்தது, 2024 டிசம்பரில் ஜெய்ப்பூர் அருகே நடந்தது இரண்டையும் படித்துவிட்டுப் போங்கள். மூன்றிலும் கவனிக்க வேண்டியது, இந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும், பள்ளத்திலும் சாக்கடையிலும் தேங்கும் என்பது. ஆகவே எஞ்சினை நிறுத்து, காற்று வீசும் திசைக்கு எதிராக விலகு, இரு பக்கமும் போக்குவரத்தைத் தடு, யாரும் வண்டியை ஸ்டார்ட் செய்யவோ பீடி பற்றவைக்கவோ விடாதே, 112க்குச் சொல், அவசரத் தகவல் அட்டையைத் தீயணைப்புப் படையினரிடம் கொடு. ஒருவர் "முதலில் முதலாளிக்குப் போன் செய்வேன்" என்றார். தேர்வாளர் பேனாவை மூடிவிட்டார்.

"ஆளை இடித்துவிட்டால் ஓடுவாயா, நிற்பாயா?" என்ற கேள்வியும் உண்டு. இடித்துவிட்டுச் சொல்லாமல் ஓடினால் 10 ஆண்டு வரை தண்டனை என்ற பிரிவை எதிர்த்து 2024 ஜனவரியில் நடந்த வேலைநிறுத்தம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தப் பிரிவு நடைமுறைக்கு வராமல் நிறுத்திவைக்கப்பட்டதையும் அறிவீர்கள். அந்த அரசியலை அங்கே பேசாதீர்கள். காயம்பட்டவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்வதும் காவல்துறைக்குச் சொல்வதும் மோட்டார் வாகனச் சட்டம் 134ஆம் பிரிவின்படி ஓட்டுநரின் கடமை. கூட்டம் அடிக்க வந்தால் பக்கத்துக் காவல் நிலையத்துக்குப் போய் அங்கிருந்தே ஆம்புலன்ஸுக்குச் சொல்வேன் என்றேன். ஏற்றுக்கொண்டார்கள்.

சில்லறை விஷயங்கள்:

கண். நாற்பதைத் தாண்டியவர்கள் கண்ணாடி போட்டுக்கொண்டே போங்கள். மறைக்க நினைத்தவர்கள்தான் மாட்டினார்கள்.

குறட்டை. மருத்துவப் பரிசோதனை செய்த மருத்துவர் என் வீட்டுக்கே போன் போட்டு, என் மனைவியிடம் "அவர் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா?" என்று கேட்டார். விளையாட்டில்லை. அப்படி இருந்தால் எட்டு மணி நேரம் படுத்தாலும் தூங்கியதாகாது, பகலில் ஸ்டியரிங்கில் கண் சொக்கும். முன்கூட்டியே பார்த்துச் சிகிச்சை எடுங்கள்.

அபாயகரப் பொருள் சான்றிதழ். மத்திய மோட்டார் வாகன விதி 9இன்படி இது இல்லாமல் டேங்கரைத் தொடக்கூடாது. நேர்காணலுக்கு முன்பே முடித்துவிடுங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு இந்த வகை உரிமம் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது.

படிப்பு. எட்டாம் வகுப்பு என்ற நிபந்தனையை 2019இல் எடுத்துவிட்டார்கள். ஆனால் எச்சரிக்கைப் பலகையை வாசிக்கச் சொல்வார்கள்.

போன். சட்டைப் பையில் வைக்காதீர்கள். தேர்வு நேரத்தில் வேண்டுமென்றே அழைக்கிறார்கள்.

சேரும்முன் நீங்களும் அவர்களைக் கேள்வி கேளுங்கள். மாதச் சம்பளமா, நடைக்கு இவ்வளவா? கிலோமீட்டர் கணக்கில் ஊக்கத்தொகை என்றால், "முடியாது" என்று சொல்பவனை எடுத்துவிட்டு அவனையே ஓடவைக்கும் ஏற்பாடு அது. பிளான்ட் வரிசையில் காத்திருக்கும் நேரத்துக்குப் படி உண்டா? கேபினில் ஏசி உண்டா? 2025 அக்டோபருக்குப் பிறகு தயாரான லாரிகளில் அது கட்டாயம், ஆனால் பழைய வண்டியைத்தான் புதிய ஆளுக்குத் தருவார்கள். ஒப்பந்தத் தாளில் தாமதத்துக்குப் பிடித்தம் என்று ஒரு வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். எனக்குக் கொடுத்த தாளில் அந்த வரி இல்லை. பேட்டா மட்டும் பழைய இடத்தைவிடக் குறைவு. அதைப் பற்றிப் பயிற்சி ஓட்டம் முடிந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்கள், பார்ப்போம்.