வரிசையில் நிற்காத இலக்கங்கள்

2025 யூன் 3, செவ்வாய்

புறக்கோட்டையில் மாமாவின் மொத்தக் கடை. 42 சாமான், மே மாதத்தின் 31 நாள் விற்பனை. எல்லாவற்றையும் பைதன் கணினி மொழியில், நம்பை என்ற எண் நூலகத்தின் ஒரே அணியாக (சாமானுக்கு ஒரு நிரை, நாளுக்கு ஒரு நிரல்) ஏற்றி 'பிரிண்ட்' கொடுத்தேன். மேலே மூன்று நிரை, கீழே மூன்று நிரை, நடுவில் வெறும் புள்ளிகள். பக்கவாட்டிலும் அதே கதை. மாமா கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"மிச்சம் எங்கயடா தம்பி?"

ஆயிரம் உறுப்புக்கு மேல் போனால் நம்பை தானாகவே சுருக்கிவிடும். இங்கே 1302.

யூன் 4

சுருக்கத்தை நிறுத்தினேன். இப்போது ஒவ்வொரு நிரையும் 75 எழுத்தில் மடிந்து மடிந்து விழுகிறது. போதாக்குறைக்கு 1,250,000 ரூபா '1.25ஈ+06' (1.25 தர பத்தின் ஆறாம் அடுக்கு) என்று வேடம் போட்டு வருகிறது. காரணம் பெருங்காயம்! ஒரு நாள் அது 450 ரூபாவுக்குத்தான் விற்றிருக்கிறது. தசமக் கணக்கில் மிகப் பெரியதும் மிகச் சிறியதும் ஆயிரம் மடங்குக்கு மேல் விலகினால் நம்பை அடுக்குக்குறிக்குத் தாவிவிடும். 'சப்ரெஸ்' என்ற அமைப்பை 'ட்ரூ' ஆக்கினேன், அடங்கியது.

யூன் 7

31 நிரலை எந்த மனிதர் வாசிப்பார்? கிழமைக் கணக்காகக் கூட்டி ஐந்து நிரலாக்கினேன். அணியை அப்படியே அச்சிடுவதையும் விட்டுவிட்டேன். ஒவ்வொரு தொகைக்கும் 12 இடம், வலப்பக்கம் ஒட்டி, மூன்று இலக்கத்துக்கு ஒரு காற்புள்ளி, சதத்துக்கு இரண்டு தானம். எழுத்துக்குள் எண்ணை வடிவமைத்துப் பொருத்தும் பைதனின் எஃப்-ஸ்ட்ரிங்கில் ஒரே வரிதான். புள்ளிக்குக் கீழே புள்ளி நேராக இறங்கியதைக் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

யூன் 10, பொசன் போயா

பௌத்தப் பௌர்ணமி விடுமுறை, கடை பூட்டு. காலி வீதியில் இலவச உணவு கொடுக்கும் தன்சல் வரிசை, நான் வெள்ளவத்தை வீட்டில் மடிக்கணினியோடு. இடப்பக்கம் சாமான் பெயரைத் தமிழில் சேர்த்ததும் அட்டவணை கோணிப்போனது.

கொழும்பு என்று எழுதினால் கண்ணுக்கு நாலு எழுத்து. பைதனிடம் நீளம் கேட்டால் எட்டு என்கிறது. மெய்யோடு ஒட்டிய உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுகிறது; 'கொ'வின் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறி. யாழ்ப்பாணம் ஆறு எழுத்து, அதற்குப் பதினொன்று. அது எட்டென்று எண்ணிவிட்டு அதற்கேற்ற வெற்றிடம் மட்டும் விட்டால் இலக்கம் எப்படி நேரே நிற்கும்? எழுத்தாகவே எண்ணிப் பார்த்தேன், அதுவும் சரிவரவில்லை. 'ணை'யும் 'ர'வும் திரையில் ஒரே அகலமா என்ன?

பெயரைக் கடைசி நிரலில் போட்டேன். அதற்குப் பின்னால் எதுவும் இல்லையே, எவ்வளவு நீண்டால் என்ன! எனக்குப் பெருமைதான்.

யூன் 11

மாமாவுக்குப் பெருமை இல்லை. "சாமான் பேர் முன்னுக்கு வரவேணும். விரல் வச்சு வாசிக்கிறது அப்பிடித்தான்."

சரி. பாண்டாஸ் என்ற பைதன் அட்டவணை நூலகத்தில் ஏற்றி, இணையப் பக்க மொழியான எச்டிஎம்எல்லில் அட்டவணையாக எடுத்தேன். அகலத்தை உலாவி பார்த்துக்கொள்கிறது, தமிழோடு அதற்குச் சண்டை இல்லை. இலக்கங்கள் மட்டும் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டன. பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சீஎஸ்எஸ்ஸில் ஒரு வரி போட்டு வலப்பக்கம் தள்ளினேன்.

யூன் 12

அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். செத்தல் மிளகாயில் விரலை வைத்து நேரே ஓட்டினார், தலையாட்டினார். பிறகு விரல் அடிவரை இறங்கியது.

"கூட்டுத்தொகை எங்க?"