எதுவுமில்லை என்று எழுதியவர்

குடியுரிமையைத் துறக்க வந்தவரிடம் “உங்கள் நன்மைக்காகத்தான் ஏற்க மறுக்கிறோம்” என்று சொன்னேன். விண்ணப்பத்தில், பெறவிருக்கும் குடியுரிமை எது என்ற கட்டத்தில் அவர் ‘எதுவுமில்லை’ என்று எழுதியிருந்தார். நாடற்ற நிலையைக் குறைப்பதற்கான 1961ஆம் ஆண்டு உடன்படிக்கையின் 7ஆவது பிரிவின்படி, வேறொரு குடியுரிமை கையில் இருந்தாலோ கிடைத்தாலோ ஒழிய, ஒருவர் துறந்துவிட்டார் என்பதற்காக அவருடைய குடியுரிமை போய்விடக் கூடாது. எங்கள் சட்டமும் அதைத் தழுவியதே.

அவர் கோபப்படவில்லை. “அப்படியானால் எஜமானரை மாற்றிக்கொள்ளலாம், எஜமானரே இல்லாமல் இருக்க முடியாது. அப்படித்தானே, சார்?” என்று கேட்டார். சட்டம் அப்படித்தான் இருக்கிறது என்றேன். அவர் கேட்டது சட்டத்தைப் பற்றி அல்ல என்பது எனக்கு அப்போதே தெரியும்.

நான் பொய் சொல்லவில்லை. பிள்ளையின் பிறப்பைப் பதிவு செய்ய முடியாமல் அலைந்த நாடற்றவர்களை இந்தப் பணியில் பார்த்திருக்கிறேன். திருப்பி அனுப்ப ஒரு நாடும் இல்லாத காரணத்தால் தடுப்புக் காவலிலேயே நாள் கழித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த நிலைக்கு ஒருவரைக் கையொப்பமிட்டு அனுப்ப என் மனம் இடம் தராது. ஆனால் அந்தத் துன்பங்கள் எவையும் வெள்ளத்தைப் போலவோ வறட்சியைப் போலவோ வந்தவை அல்ல. நிலப்பரப்பு முழுவதையும் தமக்குள் பங்கிட்டுக்கொண்ட அரசுகள், தம் சீட்டு இல்லாதவரை எங்கும் நிற்க விடாததால் வந்தவை. அந்த அரசுகளுள் ஒன்றின் ஊழியனான நான், அந்தத் துன்பத்தையே காரணமாகக் காட்டி ஒருவரைப் போக விட மறுத்தேன்.

அரசு என்பதற்கு 1933ஆம் ஆண்டின் மான்டெவிடியோ உடன்படிக்கை நான்கு தகுதிகளைச் சொல்கிறது: நிலையான மக்கள்தொகை, வரையறுத்த நிலப்பரப்பு, அரசாங்கம், பிற அரசுகளுடன் உறவு கொள்ளும் திறன். ஆளப்படுகிறவரின் சம்மதம் அதில் இல்லை. ஒரு நாட்டில் வாழ்வதே, அதன் சாலையில் நடப்பதேகூட மறைமுகச் சம்மதம் என்றார் ஆங்கிலேயத் தத்துவஞானி ஜான் லாக். தூக்கத்தில் கப்பலில் ஏற்றப்பட்டவன், கடலில் குதித்துச் சாகலாமே ஒழிய இறங்க முடியாதபோது, கப்பலில் இருப்பதாலேயே தலைவனின் ஆணைக்குச் சம்மதித்தான் என்று சொல்லலாமா என 1748இல் ஸ்காட்லாந்துத் தத்துவஞானி டேவிட் ஹியூம் கேட்டார். அந்தக் கப்பலில் என் வேலை, குதிக்க வருகிறவரைத் தடுப்பது. உயிரைக் காப்பாற்றுகிறேன் என்று நானும் நம்புகிறேன். அந்த நம்பிக்கை தவறென்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

மறுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றும் வாதிட முடியாது. கேரி டேவிஸ் என்பவர் 1948இல் பாரிஸில் அமெரிக்கக் குடியுரிமையைத் துறந்து, தம் விருப்பப்படியே நாடற்றவரானார். அமெரிக்கச் சட்டம் அதற்கு இடம் தந்தது. பிறகு தாமே உருவாக்கிய உலகக் கடவுச்சீட்டுடன் பயணம் செய்து, பலமுறை எல்லைகளில் தடுக்கப்பட்டுச் சிறையிலும் இருந்தார். இது என் அச்சத்துக்குச் சான்றா, அவருடைய உறுதிக்குச் சான்றா? அதே 1948இல் வந்த உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்தின் 15ஆவது பிரிவு, குடியுரிமை பெறும் உரிமையையும் மாற்றும் உரிமையையும் சொல்கிறது. எதுவும் வேண்டாம் என்பதற்கான உரிமையை அது சொல்லவில்லை.

அந்த விண்ணப்பம் இன்று மறுபடி வந்தாலும் அதே பிரிவைக் குறிப்பிட்டுத்தான் திருப்பி அனுப்புவேன். ‘உங்கள் நன்மைக்காக’ என்பதை மட்டும் சொல்ல மாட்டேன். அந்தச் சொற்களை நீக்கிவிட்டு அந்த மறுப்புக் கடிதத்தைப் பலமுறை மனத்துக்குள் எழுதிப் பார்த்திருக்கிறேன். பிரிவு எண்ணுக்குப் பிறகு எழுத எதுவும் கிடைப்பதில்லை.